கைப்பேசிக் கண்காணிப்பு: ஜூன் 14 பெற்றோர் கூட்டம்

பத்தாம் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் செய்திகளைப் பெற்றோர் எந்த அளவுக்குப் பார்க்கலாம் என்று பலரும் தனித்தனியே கேட்டுவருவதால், அது குறித்துக் கலந்து பேச ஜூன் 14, சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளி நூலகத்தில் கூடுகிறோம். அதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

1. கண்காணிப்புச் செயலி எதையும் பிள்ளைக்குத் தெரியாமல் நிறுவ வேண்டாம். தெரியவந்தால் அவர்கள் வேறு கணக்கு தொடங்கிக்கொள்வதோடு, உண்மையான சிக்கல் வரும்போதும் நம்மிடம் சொல்லத் தயங்குவார்கள்.

2. கூகுளின் ஃபேமிலி லிங்க் (பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி) மூலம் திரை நேரத்தையும் செயலிகளையும் கட்டுப்படுத்தலாமே தவிர, செய்திகளைப் படிக்க இயலாது. பெரும்பாலோருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

3. வாட்ஸ்அப் தனியுரிமை அமைப்பில், குழுக்களில் சேர்க்கும் அனுமதியைத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் என மாற்றச் சொல்லுங்கள். பிள்ளையே மாற்றட்டும், நீங்கள் அருகில் இருந்தால் போதும்.

4. மிரட்டலோ ஆபாசப் படமோ வந்திருந்தால், அதை அழிக்காமலும், இந்தக் குழு உட்பட வேறு யாருக்கும் அனுப்பாமலும் வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள் அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் (2012) 18 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

5. வருகையை வியாழன் இரவு 9 மணிக்குள் இங்கே தெரிவியுங்கள். கேள்விகளைப் பிள்ளையின் பெயர் குறிப்பிடாமல் எனக்குத் தனியாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
ஒருங்கிணைப்பாளர்