சாப்பாட்டுக்கு விலை இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் மருத்துவமனைகளைச் சுற்றி நடைபெறும் குறைந்த விலை உணவகங்களைப் பற்றி, தங்கள் வாசகர் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். நோயாளிகளோடு வந்து தங்கியிருக்கும் உறவினர்களிடம் ஒரு சாப்பாட்டுக்கு 30 ரூபாய் எதற்காக வாங்க வேண்டும், நன்கொடை கொடுக்க ஆள் இருக்கும்போது அன்னதானமாகவே போட்டுவிடலாமே என்பது அவருடைய கேள்வி. நல்ல மனத்தோடு கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் அப்படிப்பட்ட ஓர் உணவகத்தில் மூன்று ஆண்டுகளாக வாரத்துக்கு நான்கு நாள் ஊதியமின்றி வேலை செய்து வருபவள் என்ற முறையில், அந்த 30 ரூபாய் இருக்கத்தான் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலையில் தொடங்கியது. வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன்பே நான் அந்தப் பணியில் சேர்ந்து, அணைக்கட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் அடுப்புக்கும் பதிவேட்டுக்கும் நடுவில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தேன். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு இலவசமாகத்தான் கிடைக்க வேண்டும். அது அந்தப் பிள்ளையின் உரிமை. வெளியூரிலிருந்து நிலத்தையோ நகையையோ அடகு வைத்துவிட்டு மனைவியின் சிகிச்சைக்காக வந்து, விடுதி அறையில் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் மனிதரின் நிலைமை வேறு. அவர் நேற்றுவரை தம் வீட்டில் பிறருக்குச் சோறு போட்டவர்.

இதை நான் சமையற்கட்டிலிருந்து கற்கவில்லை, பந்தியில் நின்றுதான் கற்றேன். ஒருமுறை ஓர் அன்பர் தம் தந்தையாரின் திதி நாளில் அன்றைய சாப்பாட்டுச் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டு, யாரிடமும் காசு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் மனம் கோணக் கூடாது என்று நாங்களும் இசைந்தோம். வழக்கமாக வருபவர்கள்தாம் அன்றும் வந்தார்கள். மற்ற நாள்களில் "அம்மா, ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க", "கூட்டுல உப்பு பத்தல" என்று உரிமையோடு குரல் கொடுக்கும் அதே மனிதர்கள், அன்று தட்டில் விழுந்ததைத் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். உப்பு உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. கடைசியில் நான் உட்கார்ந்து சாப்பிட்டபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. இருநூறு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. காசு கொடுத்து உண்பவருக்குச் சமைத்தவரிடம் குறை சொல்ல இடம் இருக்கிறது, 30 ரூபாயே ஆனாலும். அந்த இடத்தை நாம் நல்லெண்ணத்தின் பேரால் பறித்துவிடக் கூடாது.

அந்த 30 ரூபாயும் இல்லாமல் வருபவர்கள் உண்டு. அவர்களுக்கும் டோக்கன் உண்டு. அதே நிறம், அதே அளவு. வாசலில் டோக்கன் கொடுப்பவரைத் தவிர, பரிமாறும் எங்களுக்குக்கூட எவர் காசு கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை என்பது தெரியாது. கேரளத்தில் ஆலப்புழைக்கு அருகே பாதிரப்பள்ளியில் 2018-இல் திறக்கப்பட்ட மக்கள் உணவகத்தில் காசாளரே கிடையாது. சாப்பிட்டவர் இயன்றதைப் பெட்டியில் போட்டுவிட்டுச் செல்லலாம். மிகச் சிறந்த ஏற்பாடு அது. எங்கள் உணவகத்திலும் அப்படிச் செய்யலாமா என்று பேசினோம். மொழி தெரியாத ஊருக்கு வந்தவர் அந்தப் பெட்டியின் முன் நின்று எவ்வளவு போடுவது மரியாதை என்று தவிப்பாரே என்பதால், இங்கே விலையை எழுதிப் போடுவதே நல்லது என்று முடிவு செய்தோம். அரசு 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகத்தைத் தொடங்கியபோதும் இட்லிக்கு 1 ரூபாய், தயிர் சாதத்துக்கு 3 ரூபாய், சாம்பார் சாதத்துக்கு 5 ரூபாய் என்று விலை வைத்துத்தான் தொடங்கியது. அதனால் கூலித் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுநரும் எவர் முகத்தையும் பார்க்காமல் அங்கே வரிசையில் நிற்க முடிந்தது. வள்ளலார் 1867-இல் வடலூரில் ஏற்றிய அடுப்பின் பெருமையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பசி என்று வந்தவர் எவராயினும் சோறு என்பது தருமசாலையின் அறம். மாதக்கணக்கில் தங்கி நாள்தோறும் உண்ண வருபவருக்கான கடையின் அறம் சற்று வேறானது.

வேலூரின் நிலைமையை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. என்ற பெயரில் நாடு முழுவதும் அறியப்பட்டிருக்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், ஏன், வங்கதேசத்திலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குபவர்கள் பாபு ராவ் தெரு, காந்தி சாலைப் பகுதி விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அறையிலேயே சமைத்துக்கொள்வோர் பலர்; நோயாளியை விட்டு நகர முடியாதவர்களுக்கு அதற்கும் வழியில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, ஜவ்வாது மலைப் பக்கங்களிலிருந்து வருபவர்களுக்கோ பேருந்துக் கட்டணமே பெரிய செலவு. இவ்விரு சாராரும் எங்கள் உணவகத்தில் ஒரே பலகையில் அமர்ந்து உண்கிறார்கள். வங்காளத்தவர்களுக்குப் புழுங்கல் அரிசிச் சோறு பழக்கமானதுதான். நம் சாம்பாரின் புளிப்புதான் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. முதல் சில மாதங்கள் அவர்கள் சாம்பாரை ஒதுக்கி வைத்துவிட்டு வெறுஞ்சோற்றில் மோர் ஊற்றி உண்பதைப் பார்த்து, இப்போது புளி சேர்க்காத பருப்பு ஒரு குண்டானில் தனியாக வைக்கிறோம். "ஆர் ஏக்டு பாத்" என்றால் "இன்னும் கொஞ்சம் சோறு" என்பது எங்கள் பரிமாறும் பெண்கள் அனைவருக்கும் இன்று தெரியும்.

இனி அந்த விலை எப்படி நிற்கிறது என்பதற்கு வருகிறேன். தலைக்கு 150 கிராம் அரிசி என்று கணக்கிட்டால் 200 பேருக்கு 30 கிலோ வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, 19 கிலோ வணிக சிலிண்டர் ஆகியவற்றுக்கே வசூலில் பெரும்பகுதி போய்விடுகிறது. மீதி இடத்து வாடகைக்கும் மின் கட்டணத்துக்கும் சரியாக இருக்கிறது. நன்கொடை அரிசியாகவும் பருப்பாகவும் வந்து அவ்வப்போதைய பள்ளத்தை நிரப்புகிறது. கூலி என்ற ஒன்றுக்கு இந்தக் கணக்கில் இரண்டு பேர் அளவுக்குத்தான் இடம் உண்டு: ஒருவர் சமையல்காரர், மற்றவர் பாத்திரம் துலக்கும் அம்மா. அந்த அம்மாவின் வேலையையும் தொண்டர்களே செய்துவிடலாம் என்று சிலர் சொன்னபோது நான் கடுமையாக மறுத்தேன். பிறருக்கு மலிவாகச் சோறு போடுவதற்காக ஓர் ஏழையின் பிழைப்பைப் பறிப்பது எந்தத் தொண்டிலும் சேராது. இவர்கள் இருவரும் நீங்கலாக, காய் நறுக்குவது, அரிசி களைவது, கஞ்சி வடிக்கக் கை கொடுப்பது, பரிமாறுவது, மேசை துடைப்பது எல்லாம் ஊதியமில்லாத கைகள்தாம். ஆள் குறைந்தால் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். கூலிக்கு வைத்தால் 30 ரூபாய் 50 ஆகும்.

அந்தக் கைகள் எல்லா நாளும் ஒரே அளவில் வருவதில்லை என்பதுதான் எங்கள் கவலை. ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் வந்தால் இருபது, இருபத்தைந்து பேர் குடும்பத்தோடு வருகிறார்கள். நிற்க இடமில்லாமல் ஒருவர் கையிலிருக்கும் சாம்பார் வாளியை மற்றவர் வாங்கிக்கொள்கிறார். செவ்வாய், புதன் கிழமைகளிலோ காலை ஒன்பது மணிக்கு அரிவாள்மனையின் முன் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம், மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். சென்ற பொங்கலுக்கு மறுவாரத்தில் ஒருநாள் இரண்டே பேர்தான். நேதாஜி மார்க்கெட்டிலிருந்து வந்த இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் மூட்டை பிரிக்கப்படாமலே கிடந்தது. குழம்பும் மோரும் ஊறுகாயும் மட்டும் வைத்துப் பரிமாறினோம். அன்றைக்கும் 30 ரூபாய் வாங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கூசுகிறது.

கல்லூரிகளிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது விதி. ஐம்பது மாணவர்கள் ஒரே நாளில் பேருந்தில் வந்து இறங்கி, பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு மதியம் திரும்பிவிடுவதை விட, வகுப்பு நேரம் பாதிக்காத முறையில் நாளுக்கு இரண்டு மாணவர் என்று ஆண்டு முழுவதும் சுழற்சியில் அனுப்பினால் எங்களுக்கு அது பெரும் துணை. சத்துவாச்சாரி, காட்பாடி, வேலப்பாடி பகுதிகளில் பணி ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாரத்தில் ஒரு வேலை நாளை, இரண்டே மணி நேரத்தை, இதற்கென்று ஒதுக்கலாம்.

வர விரும்புவோருக்குச் சில செய்திகள். உணவைக் கையாள்பவர் எவரும் ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனைச் சான்று பெற வேண்டும், குடற்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தொண்டர் என்பதால் நாங்கள் அதில் விலக்கு அளிப்பதில்லை. நகம் வெட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு வர வேண்டும். உண்பவர்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை. காய் நறுக்க ஒன்பது மணிக்கு வரலாம். குனிந்து உட்கார இயலாதவர்களுக்கு மேசையும் கத்தியும் வைத்திருக்கிறோம். பரிமாற வருபவர்கள் பதினொன்றே முக்காலுக்குள் வந்துவிட்டால், முதல் பந்தி உட்காரும் முன் கை கழுவி ஆயத்தமாக நிற்க நேரம் சரியாக இருக்கும். வருகிற வாரத்தில் செவ்வாய்க்கும் புதனுக்கும்தான் இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.