சட்டத் தத்துவம் படிக்க வர்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்எல்எம் முடிச்சிட்டு பாளையங்கோட்டையில பிராக்டிஸ் பண்ணுதேன். ஜூரிஸ்புரூடென்ஸ்ல, அதான் சட்டத் தத்துவத்துல, பிஎச்டி பண்ணணும்னு கைடு தேடிப்போனா, "இத வச்சு என்னம்மா பண்ணப்போற, சைபர் கிரைம் எடு, சீக்கிரம் முடிஞ்சிரும்"னு சொல்லுதாங்க. என் கூடப் படிச்சவங்களுக்கும் இதே பதில்தான்.

இது ஊருக்கு ஒட்டாத படிப்புன்னு நெனைக்காங்க, அதுதான் ரொம்ப வருத்தமா இருக்கு. 1908ல நம்ம திருநெல்வேலியிலதான பின்ஹேங்கிற நீதிபதி வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை போட்டாரு? ராஜதுரோகத்துக்கான 124ஏ பிரிவு சட்டப் புத்தகத்துல இருந்துச்சு, சாட்சி விசாரிச்சாங்க, தீர்ப்பு எழுதுனாங்க, எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சு. அப்ப அது சட்டம்தானா? சட்டம்தான், ஆனா அநியாயமான சட்டம்னு சொல்லி எதிர்க்கணுமா, இல்ல இவ்வளவு அநியாயமானதுக்கு சட்டம்ங்கிற பேரே கூடாதுன்னு சொல்லணுமா? ஹிட்லர் காலத்துல புருசனையே காட்டிக்கொடுத்துட்டு, அப்ப இருந்த சட்டப்படிதான் செஞ்சேன்னு சொன்ன ஒரு பொம்பளையோட கேஸை வச்சு, 1958ல சட்டத் தத்துவ அறிஞர்களான ஹார்ட்டும் ஃபுல்லரும் ஹார்வர்டு சட்ட இதழ்ல மோதுனது இதே கேள்வியிலதான். எமர்ஜென்சியில, 1976ல, விசாரணையில்லாம உள்ள போட்டவங்க கோர்ட்டுக்குப் போகலாமாங்கிற ஏடிஎம் ஜபல்பூர் கேஸ்ல நாலு சுப்ரீம் கோர்ட் நீதிபதிங்க போக முடியாதுன்னு ஒரு பக்கம் நிக்க எச்.ஆர்.கன்னா ஒத்தையா மாறுபட்டு எழுதுனாரே, அங்கயும் இந்தக் கேள்விதான் அடியில கிடக்கு. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தப்புன்னு சுப்ரீம் கோர்ட்டே 2017ல சொல்லிருச்சு.

மத்த சட்ட ஆராய்ச்சின்னா தீர்ப்புகளைச் சேத்து, பிரிச்சு, அட்டவணை போட்டு ஓரளவு ஒப்பேத்திரலாம். இதுல அது நடக்காது, ஒரு வரியப் பிடிச்சிக்கிட்டு இது ஏன் இப்படி, இதுக்கு எதிர்வாதம் என்னன்னு வருசக்கணக்கா மல்லுக்கட்டணும், கூட உக்காந்து சண்டை போட ஒரு ஆள் வேணும். சட்டப் பேராசிரியர் மட்டும் போதாது, தத்துவம் படிச்ச ஒருத்தரும் வேணும். அதுக்கு வழி இல்லாம இல்ல. பல துறை கலந்த ஆராய்ச்சின்னா வெளித்துறை, வெளிப் பல்கலைக்கழகத்துல இருந்துகூட இணை வழிகாட்டி போட்டுக்கலாம்னு யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்டி விதியிலயே இருக்கு. எத்தன பேருக்கு இது தெரியும்னே தெரியல, கேட்டாலும் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டேங்காங்க.

அதனால அடுத்த பிஎச்டி அட்மிஷன் அறிவிப்பு போடும்போது, சட்டத் தத்துவத்துக்கு வழிகாட்ட யாரெல்லாம் இருக்காங்க, இணை வழிகாட்டிக்கு எப்படி விண்ணப்பிக்கணும்னு பல்கலைக்கழகங்கள் அதுலயே சேத்துப் போடணும்னு உங்க பத்திரிகை வழியா கேட்டுக்கிடுதேன்.

இப்படிக்கு,
ஒரு பெண் வழக்கறிஞர்,
பாளையங்கோட்டை