இயல்பு அளவு என்பது யாருடைய இயல்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா தொற்றின் தீவிரத்தை ரத்தப் பரிசோதனையால் அறிவது குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையில், சி.ஆர்.பி. (அழற்சியின்போது உயரும் புரதம்), டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் துணுக்கு), ஃபெரிட்டின் (இரும்புச்சத்தைச் சேமிக்கும், அழற்சியிலும் உயரும் புரதம்), லிம்போசைட் (தொற்று தீவிரமானால் குறையும் வெள்ளணு) ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரேயோர் இயல்பு அளவு தரப்பட்டு, அதிலிருந்து விலகினால் ஆபத்து என்று எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளோடு பழகியவன் என்ற முறையில், அந்த அட்டவணையில் விடுபட்டுப்போனது நோயாளி யார் என்ற கேள்வியே எனச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

2021 மே மாதத்தில், நான் பணியாற்றிய ஆய்வகத்துக்கு ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரின் கணவர் பதறியபடி வந்தார். கையிலிருந்த அறிக்கையில் டி-டைமர் 1,100 என்றும், இயல்பு 500-க்குக் கீழ் என்றும் அச்சாகி, எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழுந்திருந்தது. மனைவிக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூச்சுத்திணறல் இல்லை, ஆக்சிஜன் அளவு 98. பிரசவத்தின்போது ஏற்படும் ரத்தப்போக்கைத் தாங்குவதற்காக உடல் முன்கூட்டியே ரத்த உறைவுத் தன்மையைக் கூட்டிக்கொள்வதால், கர்ப்பம் வளர வளர டி-டைமர் ஏறுவதும், கடைசி மூன்று மாதங்களில் 500-ஐத் தாண்டி நிற்பதும் நலமாக இருக்கும் பெண்களிடமும் காணக்கூடியதே. கர்ப்பிணிகளுக்குத் தொற்று வந்தால் கவனம் கூடுதலாகத் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கவனத்தை அந்த எண்ணிலிருந்து தொடங்கியதுதான் பிழை. குறியைப் போட்டது கணினி. அதற்கு வயிற்றுப் பிள்ளையைத் தெரியாது.

இத்தகைய வரம்புகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். டி-டைமர் 1,000-ஐத் தாண்டினால் உயிராபத்து கூடும் என்ற பேச்சு பரவியதற்கு, வூஹானின் இரண்டு மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்ட 191 பேரை ஆராய்ந்து 2020 மார்ச்சில் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு முக்கியக் காரணம். அந்த 191 பேரும் பெரியவர்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோயுற்றவர்கள். அவர்களிடம் கண்ட எண்ணை, வீட்டில் படுத்திருக்கும் லேசான தொற்றாளருக்கோ குழந்தைக்கோ அப்படியே பொருத்துவதற்கு அந்த ஆய்வு இடம் தரவில்லை.

குழந்தைகளிடம் இந்தப் பிழை எதிர்த்திசையில் நேர்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு லிம்போசைட் எண்ணிக்கை இயல்பாகவே பெரியவர்களைவிட வெகு அதிகம். ஒரு மைக்ரோ லிட்டருக்கு 3,000-க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 1,800 என்று வந்தால், பெரியவர்களின் அட்டவணை அதை நலம் என்று சொல்லி நட்சத்திரமே போடாமல் விட்டுவிடும். தொற்று நீங்கி இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்கு வரும் பல்லுறுப்பு அழற்சியில் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் எல்லாம் உயர்ந்திருக்கும்போது, ஆர்.டி.பி.சி.ஆர். பல நேரம் 'நெகட்டிவ்' என்றே வரும் என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

முதியவர்களுக்கு டி-டைமர் வயதோடு உயர்வதால், நுரையீரல் ரத்தக்கட்டி இல்லையென்று உறுதிசெய்யும்போது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பத்தால் பெருக்கி வரம்பாகக் கொள்ளும் முறை கொரோனாவுக்கு முன்பே வழக்கில் உண்டு. 78 வயதுக்காரருக்கு அது 780. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இரும்புச்சத்து ஊசியால் ஃபெரிட்டினும், சிறுநீரகச் செயலிழப்பால், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனினும் தொற்றுக்கு முன்பே உயர்ந்திருக்கும். மாறாக, ரத்தசோகையால் ஃபெரிட்டின் 10, 15 என்றிருந்த பெண்ணுக்கு அது 140 ஆவது பெரிய ஏற்றம். அறிக்கையோ அதை இயல்பு என்றே காட்டும்.

மருந்தும் எண்ணை மாற்றும். ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் தொடங்கிய மறுநாளே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஏறி லிம்போசைட் இறங்குவதைப் பார்த்து, நோய் முற்றிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதியவர்களை நான் அறிவேன். அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டவர்களிடமோ, புதிதாகக் கிருமித்தொற்று சேர்ந்தபோதும் சி.ஆர்.பி. தாழ்வாகவே இருக்கலாம், இது இன்னும் ஆபத்தானது.

அலகுக் குழப்பம் தனி. சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 80 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. டி-டைமரை எஃப்.இ.யு. (ஃபைப்ரினோஜன் சமான அலகு) என்ற கணக்கில் தரும் ஆய்வகத்தின் 500, டி.டி.யு. (டி-டைமர் அலகு) கணக்கில் தரும் ஆய்வகத்தில் ஏறக்குறைய 250 ஆக இருக்கும். இரண்டு ஆய்வகங்களில் அடுத்தடுத்துச் சோதித்து, பாதியாகக் குறைந்துவிட்டது என்று நிம்மதியடைந்த குடும்பங்களும் உண்டு.

ஆகவே, இனி இத்தகைய அட்டவணைகளை வெளியிடும்போது, அலகையும், அந்த வரம்பு எந்த வயதினருக்கு, எந்த நிலையிலுள்ளவர்களுக்கு உரியது என்பதையும் அதே வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆய்வகங்களும் ரத்தம் எடுக்கும்போதே கர்ப்பமா, டயாலிசிஸ் உண்டா, ஸ்டீராய்டு எடுக்கிறார்களா என்று கேட்டு அறிக்கையின் தலைப்பில் பதியலாம். அதற்கு இரண்டு நிமிடங்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்.