கண்ட்ரோலரைக் கையிலிருந்து வாங்காதீர்கள்: ஆக்‌ஷன் கேம் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆக்‌ஷன் கேம்களை இயக்குகிற, எழுதுகிற, வடிவமைக்கிற அனைவருக்கும் வணக்கம்.

கதை முக்கியமா, கேம்ப்ளே (கையால் ஆடுகிற ஆட்டம்) முக்கியமா என்று கேட்டால் ஆக்‌ஷன் கேம் ஆடுகிற எங்கள் பதில் கேம்ப்ளேதான். சண்டை மொத்தையாக இருந்தால் எவ்வளவு நல்ல கதையும் மூன்றாவது மணி நேரத்துக்கு மேல் எங்களைப் பிடித்து வைக்காது. அதற்காகக் கதையைக் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: கதையின் பெரிய திருப்பங்கள், அதுவரை நாங்கள் பழகிய அசைவுகளாலேயே நடக்கட்டும். வெட்டு, தடுப்பு, பாய்ச்சல் என்று பத்து மணி நேரம் விரலுக்குப் பழக்கிவிட்டு, முக்கியமான நிமிடத்தில் கண்ட்ரோலரை வாங்கி வைத்துக்கொண்டு படம் காட்டுவது பாதிப் பந்தியில் இலையை இழுக்கிற வேலை.

(கீழே சில கேம்களின் கதை வெளிப்படும். ரெசிடென்ட் ஈவில் 4, சேகிரோ, ஹேடீஸ் ஆடி முடிக்காதவர்கள் கவனம்.)

ரெசிடென்ட் ஈவில் 4-இலிருந்து தொடங்கலாம். ஒரே காட்சியை அதன் தயாரிப்பாளரான கேப்காம் இரண்டு விதமாகச் செய்து பார்த்திருக்கிறது. 2005-இல் வந்த முதல் வடிவத்தில் நாயகன் லியானும் எதிரி கிராவ்சரும் கத்தியோடு மோதும் இடம் ஒரு கட்சீன் (படம் போல ஓடும் காட்சி). லியான் மீட்க வந்த ஆஷ்லியைக் கடத்தியது யார், இந்த இருவருக்கும் என்ன பழைய உறவு என்பதெல்லாம் வெளிவருகிற இடமும் அதுதான். அந்தப் பேச்சின் நடுநடுவே, இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தச் சொல்லித் திரையில் குறி மின்னும். பிசகினால் லியான் அங்கேயே சாவான். மறுபடி அதே வசனங்கள். குறி எப்போது வரும் என்று கண் அதையே தேடிக்கொண்டிருக்கும். கிராவ்சரின் முகத்தையும் பார்க்க முடியாது, அவன் சொல்வதும் காதில் ஏறாது. அந்தப் பட்டன்களுக்கும் லியான் செய்யும் அசைவுக்கும் தொடர்பும் கிடையாது. ஒரு முறை அழுத்தினால் குனிவான், இன்னொரு முறை விலகுவான். நாலாவது தடவை கேட்கும்போது அந்த வசனம் கதையாக இல்லை, தண்டனையாக இருக்கிறது.

2023 மறுஆக்கத்தில் அதே மோதல் முழுச் சண்டையாக மாறிவிட்டது. அதற்கான பாடம் முதல் கிராமத்திலேயே தொடங்கிவிடுகிறது: கத்தியை உரிய நேரத்தில் உயர்த்தினால் செயின்சாவைக்கூடத் தடுக்கலாம். பாதி கேமுக்கு மேல் ஆடிவிட்டு கிராவ்சர் முன்னால் நிற்கும்போது விரலுக்கு அது தானாக வருகிறது. லியானுக்குத் துணைநின்ற லூயிஸை முதுகில் குத்திய கையோடு வந்து நிற்கிறான் அவன்; ஆடுகிறவருக்கும் கோபம் இருக்கிறது. மறுஆக்கத்தில் கிராவ்சர் லியானுக்குப் பயிற்சி கொடுத்த அதிகாரி. அவன் கத்தியைத் தட்டி விலக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உறவுதான் பேசுகிறது. வசனங்களும் சண்டைக்குள்ளேயே வந்துவிடுகின்றன, தோற்று மறுபடி தொடங்கினாலும் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. உங்கள் எழுத்தாளரும் சண்டை வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

அடுத்து, ஜெயித்தவனைத் தோற்கடிக்கிற கட்சீன். பாஸின் (பெரிய எதிரியின்) ஹெல்த் கோட்டை, அதாவது உயிரளவைக் காட்டும் கோட்டை, அடிமட்டம் வரை இறக்கியிருப்போம். சண்டை முடிந்ததும் வரும் கட்சீனில் நாயகன் மண்டியிட்டு மூச்சு வாங்குவான், பாஸ் ஒரு கீறல் இல்லாமல் நின்று சிரிப்பான். இத்தனை வருடமாக இது திரும்பத் திரும்ப நடக்கிறது. கதைக்குத் தோல்வி தேவை என்றால், ஃபிரம்சாஃப்ட்வேர் 2019-இல் சேகிரோவில் செய்ததைப் பாருங்கள். தொடக்கத்தில் எதிரி கெனிசிரோவோடு நடக்கும் சண்டையில் பெரும்பாலும் தோற்போம். ‘ஓநாய்’ எனப்படும் நாயகனின் கை வெட்டுப்படும். திறமையாக ஆடி ஜெயித்தாலும் கை போகத்தான் செய்யும். ஆனால் அப்போது வரும் காட்சி வேறு: மறைந்திருந்த ஒருவன் ஆயுதம் எறிந்து கவனத்தைத் திருப்ப, அந்த நொடியில் கெனிசிரோ வெட்டுகிறான். ஆடுகிறவரின் வெற்றியை அவர்கள் இல்லையென்று சொல்லவில்லை, சூழ்ச்சியால்தான் தோற்றாய் என்கிறார்கள். பின்னால் அஷினா கோட்டை உச்சியில் அதே கெனிசிரோவை எதிர்கொள்ளும்போது அந்தக் கணக்கு தீர்கிறது.

இரண்டு காட்சிகள் எடுக்கப் பணம் இல்லையென்றால் வேறு வழிகளும் உண்டு. ஹெல்த் கோட்டைக் காட்டாமல், இத்தனை நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று அந்தச் சண்டையை அமைக்கலாம். அல்லது பாஸின் ஹெல்த் பாதிக்கு வந்ததும் வெளியிலிருந்து ஏதோ ஒன்று குறுக்கிட்டு நிறுத்தலாம். எதுவானாலும் ஜெயிக்கவே முடியாத சண்டையில் நாங்கள் செலவழித்த மருந்தையும் தோட்டாவையும் சண்டை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதை மறந்த கேமில் அடுத்த அறைக்கு வெறுங்கையோடு போய் நிற்கிறோம்.

சேகிரோவிலேயே சறுக்கிய இடம் ஒன்றும் இருக்கிறது. நாம் செத்து எழ எழ, சுற்றியிருப்பவர்களுக்கு நோய் பரவும். இருமல் சத்தம் கேட்கும்போது குற்ற உணர்ச்சி வருகிறது, அருமையான யோசனை. ஆனால் அந்த நோயால் யாரும் சாவதில்லை. சிலரின் கதை நின்றுபோகும், மருந்து கொடுத்தால் தொடரும். சாகும்போது பணத்தையும் அனுபவப் புள்ளியையும் இழக்காமல் தப்பும் வாய்ப்பும் 30 சதவீதத்திலிருந்து குறையும். முதல் முறை ஆடுகிறவருக்கு இது தெரியாது, பயந்து பயந்து ஆடுவார். தெரிந்த பிறகு அந்தக் கதைக்கு எடையே இல்லாமல் போகிறது. கதை மிரட்டுகிற அளவுக்கு விதி வலிக்க வேண்டும், இல்லையென்றால் மிரட்டலைக் குறைக்க வேண்டும்.

சாவைக் கதையாக்குவதில் எங்கள் கணக்கில் முதலிடம் ஹேடீஸுக்குத்தான். சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் அதன் முழு வடிவத்தை 2020-இல் வெளியிட்டது. பாதாளத்திலிருந்து தப்ப முயலும் ஜாக்ரியஸ் ஒவ்வொரு முறை சாகும்போதும் அப்பன் வீட்டுக்கே திரும்பி வருகிறான். அங்கே இருக்கிறவர்கள் புதிதாக ஏதாவது சொல்கிறார்கள். எந்த பாஸிடம் விழுந்தாய், எந்த ஆயுதத்தோடு போனாய் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குரல் பதிவு செய்த வசனங்கள் மட்டும் 20,000-க்கு மேல். அவற்றை வரிசையாக ஓட்டாமல், எந்த நிபந்தனையில் எது முன்னால் வர வேண்டும் என்று அடுக்கியிருக்கிறார்கள். பேச்சும் இரண்டு மூன்று வரிதான், பிறகு மறுபடி சண்டை. வெளியே ஒரு முறை தப்பினால் கதை முடியாது, இறுதிப் பெயர்ப்பட்டியல் வர 10 முறை தப்ப வேண்டும். சண்டை கடினமாக இருக்கிறவர்களுக்கு ‘காட் மோட்’ வைத்தார்கள்: தொடக்கத்தில் 20 சதவீதம் அடி குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், 80 வரை போகும். கேமை மொத்தமாகச் சுலபமாக்காமல், ஆடுகிறவர் திணறுகிற அளவுக்கு மட்டும் கை கொடுக்கிற ஏற்பாடு இது. எதிரியின் ஹெல்த்தை இரண்டு மடங்காக்கி ‘கடினம்’ என்று பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படிச் செய்தால் சண்டை நீள்கிறது, கடினமாவதில்லை. கதையின் ஓட்டமும் அதோடு படுத்துவிடுகிறது.

டூம் பற்றிச் சுருக்கமாக. ஐடி சாஃப்ட்வேரின் 2016 கேமில் முதல் நிமிடத்துக்குள் துப்பாக்கி கைக்கு வந்துவிடும். ஒருவர் திரையில் தோன்றி விளக்கம் சொல்லத் தொடங்குவார், நாயகன் அந்தத் திரையைத் தள்ளிவிட்டுப் போவான். இவன் யார், இவனுக்கு யார் மேல் நம்பிக்கை இல்லை என்பது அந்த ஒரே தள்ளலில் புரிந்துவிடுகிறது. எதிரியை நெருங்கிக் கையால் முடித்தால் ஹெல்த் கிடைக்கும் என்ற விதியும் அதே ஆளைத்தான் காட்டுகிறது. அடிபட்டவன் ஒளிய மாட்டான், முன்னால் பாய்வான்.

இப்போது கட்சீனிலிருந்து சண்டைக்குத் திரும்பும் அந்த ஒரு நொடி. அதிகம் பேசப்படாத இடம், அதிகம் கெடுகிற இடமும் இதுதான். நொடிக்கு 60 ஃபிரேம் (படச் சட்டம்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவினாடி. கண்ணால் கண்டு விரலால் அழுத்த ஒரு சராசரி மனிதருக்கு 200 முதல் 250 மில்லிவினாடி, அதாவது 12 முதல் 15 ஃபிரேம் ஆகும். கட்சீன் முடிந்த பத்தாவது ஃபிரேமில் பாஸின் அடி இறங்கினால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. குறைந்தது 45 ஃபிரேம் வரை எதிரி அடி எதுவும் விழக் கூடாது. கேமரா கட்சீனில் நின்ற கோணத்திலிருந்து சட்டென்று முதுகுப்பக்கம் தாவினால், முன்னால் தள்ளிப் பிடித்திருந்த ஸ்டிக் பள்ளத்தில் கொண்டுபோய் விடும். தாவாமல் நகர்ந்து வரட்டும். கட்சீனை ஸ்கிப் செய்ய (தாண்ட) அழுத்திய பட்டன் சண்டைக்குள் வழிந்து, இருக்கிற ஒரே மருந்துக் குப்பியைக் குடிக்க வைக்கிறது. திரும்பும் நொடியில் அதுவரை அழுத்தியவற்றை அழித்துவிடுங்கள். கையில் ஷாட்கன் இருக்க, கட்சீனில் கைத்துப்பாக்கி காட்டுவதும் வேண்டாம்.

ஸ்கிப் பற்றி எழுதுவதற்கே அலுப்பாக இருக்கிறது. 2002-இல் கிங்டம் ஹார்ட்ஸில் ஒவ்வொரு தோல்விக்கும் பாஸ் முன்னால் அதே நீண்ட காட்சியை உட்கார்ந்து பார்த்தோம். காட் ஆஃப் வார் 2018 ஏப்ரலில் வந்தபோதும் கட்சீனைத் தாண்ட வழி இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த நியூ கேம் பிளஸ் (முடித்த கேமை மறுபடி ஆடும் வசதி) அப்டேட்டில்தான் அது கிடைத்தது. வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாக எடுத்திருப்பதால் நடுவில் தாண்டவிடுவது சிரமம் என்பது புரிகிறது. அப்படியென்றால் செக்பாயிண்டையாவது (செத்தால் திரும்பி வரும் இடத்தையாவது) கட்சீனுக்குப் பின்னால் வையுங்கள். முதல் தடவை முழுதாக ஓடட்டும், செத்துத் திரும்பும்போது நேராகச் சண்டை. ஸ்கிப் வைத்தால், தெரியாமல் கை பட்டுப் போய்விடாமல் பட்டனை ஒரு நொடி அழுத்திப் பிடிக்கும்படி வையுங்கள். பாஸ் (நிறுத்தி வைக்கிற பாஸ்) கட்சீனிலும் வேலை செய்யட்டும், வீட்டில் யாராவது கூப்பிடுவார்கள்.

அதே காட் ஆஃப் வாரில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். படகில் போகும்போது கூட வரும் மிமிர் கதை சொல்லிக்கொண்டு வருவார். கரை வந்தால் பேச்சை நிறுத்துவார். இறங்கி, சண்டை போட்டு, திரும்பிப் படகில் ஏறினால், விட்ட இடத்தை நினைவுபடுத்தி அங்கிருந்தே தொடர்வார். ஒவ்வொரு பேச்சையும் துண்டு துண்டாகப் பதிவு செய்து, நிறுத்த ஒரு வரி, தொடர ஒரு வரி என்று கூடுதலாக எழுதினால்தான் இது நடக்கும். கதையையும் ஆட்டத்தையும் ஒரே அளவு மதிக்கிற உழைப்பு அது. கதவைத் திறந்த மாத்திரத்தில் கூட வருபவர் பேச்சு பாதியில் அறுந்து காணாமல் போகிற கேம்களில் கதவுப் பக்கம் போகவே தயங்கி நிற்கிறோம்.

எங்களில் பலர் ஜப்பானியக் குரலைக் கேட்டு ஆங்கில சப்டைட்டிலைப் படித்து ஆடுகிறவர்கள். இரண்டும் எங்கள் தாய்மொழி இல்லை. பேரி செய்ய (அடியைத் தட்டி விலக்க) பாஸின் தோளைப் பார்ப்பதா, கீழே ஓடும் பொடி எழுத்தைப் பார்ப்பதா? சண்டை நடுவில் வரும் வசனம் குட்டியாக இருக்கட்டும், எழுத்து பெரிதாக, கறுப்புப் பட்டையின் மேல் இருக்கட்டும். கதைக்கு அவசியமான வரி என்றால் பாஸின் இரண்டு தாக்குதல்களுக்கு இடையே அவன் பின்வாங்கும் நேரத்தில் வையுங்கள். தவறவிட்டவற்றை, கேமை நிறுத்தி வைக்கிற மெனுவில் திருப்பிப் படிக்க ஒரு பட்டியலும் வேண்டும்.

கடைசியாக, கூட வரும் பாத்திரங்கள் விடையைச் சொல்லிவிடுவது. காட் ஆஃப் வார் ராக்னராக்கில் புதிர் முன்னால் நின்று சுற்றிப் பார்ப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டில் நாயகி ஏலாய் மூட்டை நிறைந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள், பிறகு அப்டேட்டில் அதைக் குறைத்தார்கள். எங்கள் மதிப்பீட்டில், முதல் குறிப்புக்கு முன் 90 நொடியாவது விடுங்கள். புதிரின் ஏதாவது ஒரு பகுதியைத் தொட்டாலோ அசைத்தாலோ அந்தக் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓட வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். முதல் குறிப்பு எங்கே பார்ப்பது என்பதை மட்டும் சொல்லட்டும், என்ன செய்வது என்பதை இரண்டாவது சொல்லட்டும். செட்டிங்ஸில் ‘வழக்கம்போல்’, ‘அரிதாக’, ‘கேட்டால் மட்டும்’ என்று மூன்று நிலை வையுங்கள். ‘கேட்டால் மட்டும்’ நிலைக்கு டி-பேடில் (கண்ட்ரோலரின் திசைப் பட்டனில்) சும்மா கிடக்கும் ஒரு திசையைக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஆக்‌ஷன் கேம் ஆடுகிறவர்கள் சார்பில்