ஜூஸ் ஏன் கசந்தது, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

எலுமிச்சை ஜூஸ் கசக்கிறது, இனிமேல் பாட்டிலிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று நேற்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே கேட்கவில்லை. புளியங்குடியில் மூட்டை மூட்டையாக எலுமிச்சை வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ.

பழத்தில் குறை இல்லை. நீ தோலோடு மிக்சியில் அடித்ததுதான் காரணம். தோலுக்கு உள்பக்கம் இருக்கிற வெள்ளைப் பகுதியிலும் விதையிலும்தான் கசப்பு இருக்கிறது. விதை உடைந்தால் அவ்வளவும் சாற்றில் இறங்கிவிடும். அது போக, காலையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து ராத்திரி குடித்தேன் என்றாய். பிழிந்த சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும். லிமோனின் என்கிற கசப்புப் பொருள் அந்தப் புளிப்பிலேயே மெல்ல மெல்ல உருவாகிறது. குடிக்கப் போகும்போது பிழி, போதும்.

ஆச்சி போடுவது நினைவிருக்கிறதா? தோல் மெல்லிசாக, வழவழவென்று, கையில் எடுத்தால் கனக்கிற பழமாகப் பொறுக்குவாள். தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவாள். சுளை இளகினால்தான் சாறு சுலபமாக வரும். குறுக்கே நறுக்கி, ஒரு பிழி, அவ்வளவுதான். "ஒட்டப் பிழியாதட்டி, கசக்கும்" என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

முதலில் 2 டம்ளர் சாதாரணத் தண்ணீரில் 5 டீஸ்பூன் சர்க்கரையை முழுசாகக் கரைத்துவிடு. ஐஸ் தண்ணீரில் அது சீக்கிரம் கரையாது. அடியில் தங்கிக் கிடக்கும், நீ இனிப்பு பற்றவில்லை என்று இன்னும் அள்ளிப் போடுவாய். அப்புறம் 2 பழத்தின் சாற்றை வடிகட்டி ஊற்று. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. இதை மட்டும் விட்டுவிடாதே. உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக் காட்டும். ஏலக்காய் ஒன்று தட்டிப் போடலாம், எனக்கென்றால் இஞ்சிதான். ஐஸ் போடுவது, எல்லாம் கலந்து முடிந்த பிறகு. அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதே, புளிப்புக்கு ஆகாது.

பிழிந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதே. உப்புப் போட்டுக் குலுக்கி ஒரு கண்ணாடி பாட்டிலில் சேர்த்து வை. அடுத்த வாரம் அம்மா வரும்போது ஒரு கிலோ பழம் கொடுத்துவிடுகிறேன். அந்த மூடியை ஊறுகாயாக்க அம்மாவே சொல்லித் தருவாள்.

அன்புடன்,
அக்கா