பரம்பரை நரம்பு நோயாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், முக்கூடல், அம்பாசமுத்திரம், மேலப்பாளையம் என்று பல ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வழக்கமான கூட்டங்கள் நடந்தன. சந்தா வரவேண்டிய இடத்திலிருந்து வந்தது, வராத இடத்திலிருந்து வழக்கம்போல் வரவில்லை. படியேறத் தேவையில்லாத இடமாகப் பார்த்து இந்தக் கூட்டத்தை வைத்த செயற்குழுவுக்கு நன்றி.

இந்த ஆண்டு நம் பேச்செல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள், அந்த அளவு நம் பிழைப்பைச் சொல்கிறதா?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது சார்கோ-மாரி-டூத், சுருக்கமாக சி.எம்.டி.: கை கால் நரம்புகள் கெட்டு, பலமும் தொடு உணர்வும் மெல்ல மெல்லக் குறையும் பரம்பரை நோய். 1886-இல் பாரிஸில் சார்கோ, பியர் மாரி என்ற மருத்துவர்களும், இங்கிலாந்தில் டூத் என்ற மருத்துவரும் இதை விவரித்தார்கள். சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவான மதிப்பீடு. அதிகம் காணப்படும் 1ஏ வகையில் 17-ஆவது குரோமோசோமில் ஒரு மரபணு கூடுதலாக ஒரு பிரதி இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் இது வரும். அத்தை மகளைக் கட்டியதால்தான் என்று பழி போடும் வீடுகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். சொந்தக் கல்யாணத்தால் கூடுவது வேறு சில வகைகள்.

இனி அளவைக்கு வருவோம். மருத்துவர்கள் போடும் சி.எம்.டி. மதிப்பெண்ணில் ஒன்பது அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 36. 10 வரை லேசானது, 11 முதல் 20 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஏழு அம்சங்கள் கேட்டும் தொட்டும் பார்ப்பவை: மரமரப்பு எதுவரை ஏறியிருக்கிறது, ஊசி குத்தினால் தெரிகிறதா, அதிரும் டியூனிங் ஃபோர்க்கை எலும்பில் வைத்தால் உணர்கிறதா, கை கால் பலம் எப்படி. மீதி இரண்டும் கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்புச் சோதனை. அந்தச் சோதனைக்கு வசதி இல்லாத இடத்தில் முதல் ஏழை மட்டும் வைத்து 28-க்குப் போடுவதும் உண்டு.

கைக்கான கேள்வி பட்டனைப் பற்றியது. சிரமப்பட்டுப் போட்டால் 1, மிகவும் கஷ்டம் அல்லது போடவே முடியாது என்றால் 2, சாப்பாட்டை வெட்டித் தின்ன முடியாவிட்டால் 3. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நம் கூட்டத்தில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது முக்கூடலிலிருந்து வந்த ஓர் அக்கா எழுந்தார். "நான் சேலை கட்டுத பொம்பளை, எனக்கு ஏது பட்டன்? சோத்தைக் கத்தி வச்சா வெட்டுதோம்? பீடி நுனியை மடக்க விரல் வரமாட்டேங்கு. ஆயிரம் சுத்துன எடத்துல ஐநூறு சுத்த இருட்டிருது. அதுக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்டார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்குப் பாதி வருமானம் போய்விட்டது. தாளில் அவருக்கு அந்த வரியில் விழுந்தது 1.

கால் கேள்வியிலும் இப்படித்தான். தடுக்கி விழுந்தால் 1, கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டால் 2, கம்பு ஊன்றினால் 3, சக்கர நாற்காலி என்றால் 4. ஸ்பிளின்ட் வாங்கக் காசில்லாதவர் 1-லேயே நிற்கிறார்! வாங்கியவரும் நெல்லையப்பர் கோயில் வாசலில் அதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார், சுவரைப் பிடித்தபடி. செருப்பு நழுவிப் போனதே தெரியாமல் நடப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வலிக்கும் அசதிக்கும் அந்தத் தாளில் தனிக் கட்டம் கிடையாது.

அதனால்தான் நாமே நிரப்பும் வினாத்தாளும் வேண்டியிருக்கிறது. பரவலாக உள்ளது எஸ்.எஃப்.36. அதில் 36 கேள்விகள், உடல் வேலை, வலி, சோர்வு, மனநிலை என எட்டுப் பிரிவுகள். இரண்டிலும் 36 வருவதால் குழப்பம் வந்தது. முதலாவதில் எண் கூடினால் நோய் கூடியிருக்கிறது என்று பொருள். இரண்டாவதில் பிரிவுக்கு 0 முதல் 100 வரை, கூடக் கூட நல்லது. இரண்டுமே மாற்றுத்திறனாளி சான்றில் வரும் சதவீதம் அல்ல. நலத்திட்டங்களுக்கான 40 சதவீத வரம்பு தனி மதிப்பீடு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போனில் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள்.

வருடா வருடம் மதிப்பெண் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். 1ஏ வகையில் அது சராசரியாக ஆண்டுக்கு ஒரு புள்ளிக்கும் குறைவாகத்தான் ஏறுகிறது. நோயை மட்டுப்படுத்துமா என்று வைட்டமின் சி-யை இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்த இத்தாலி-பிரிட்டன் சோதனையில் மருந்து தின்றவருக்கும் தின்னாதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மாத்திரைக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு, 3 முதல் 20 வயது வரை, தனி அளவை இருக்கிறது. பலகையில் குச்சி செருகுவது, தாண்டிக் குதிப்பது எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் அதைப் பரீட்சையாகவே நினைப்பதில்லை.

செயற்குழு எடுத்த முடிவு: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஃபைல். அதில் மருத்துவர் போட்ட மதிப்பெண், நாமே நிரப்பிய தாள், அத்துடன் நாம் சொந்தமாக எழுதும் ஒரு பக்கம். பீடி, பாய், பூக்கட்டு, டூவீலர் பிரேக், எது முடியவில்லையோ அதை அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். எழுத விரல் வராதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நம் நரம்புக்கு ஆகாது என்பதை ஃபைல் அட்டையிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம்.

ஃபைல்கள் வாசலில் மேசையில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்