அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்கள் வாங்கப் பார்க்கும் வேளச்சேரி வீட்டுப் படங்களை அம்மா திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளிச்சமான வீடு, உனக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் "போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சோம்" என்று வீட்டுக்காரர் சொன்னாராமே, அது எனக்கு உறுத்துகிறது. விற்கிறவர்கள் பெயிண்ட் அடிப்பது வழக்கம்தான். இருந்தாலும் இது தரைத்தளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் பார்த்த ஏரியா.

முதலில் சுவரின் அடிப்பகுதியைப் பாரும்மா. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும். பீரோவையும் கட்டிலையும் நகர்த்தச் சொல். கூச்சப்படாதே. அந்த மறைவில்தான் உப்புப் பூத்து பெயிண்ட் உப்பியிருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பார். பொத்தென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரை கட்டாயம் தட்டு. மேஸ்திரி வேலையில் நான் அதிகம் உடைத்துப் பூசியது அந்தச் சுவரைத்தான்.

பிறகு பாத்ரூமில் அண்ணாந்து பார். மாடிவீட்டுக் கசிவு அங்கேதான் இறங்கும். வெறும் ஈரக்கறையென்றால் மாடிக்காரரோடு பேசிச் சரிசெய்யலாம். துருநிறத்தில் கோடு தெரிந்தால் கதை வேறு. உள்ளே கம்பி துருவேறிப் பருத்தால் கான்கிரீட் பெயர்ந்து விழும். அப்படியிருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்காமல் பேச்சே வேண்டாம். பீமும் சுவரும் சேருமிடத்தில் மெல்லிய கீறல் இருந்தால் பயப்படாதே. செங்கலும் கான்கிரீட்டும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரியாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி அகலமாகும் விரிசலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

புரோக்கர் இல்லாமல் ஒருமுறை போய்விட்டு வா. மிக்ஜாமின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேள். சுவரில் கை வைத்துக் காட்டச் சொல். சம்ப்பில், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில், சாக்கடை கலந்ததா, கரண்ட் மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்.

மாப்பிள்ளை வில்லங்கச் சான்று எடுத்துவிட்டார் என்றாய், நல்லது. யுடிஎஸ், அதாவது நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்பதையும் மூலப்பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார்களாம். கொடுக்காதே. பணம் கை மாறிவிட்டால் விலை பேச நமக்கு வாய் இருக்காது. சனிக்கிழமை ராத்திரி நான் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். மாப்பிள்ளையை ஒரு நல்ல டார்ச் வாங்கி வைக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா